டைனோசர் அட்டைகளில் நாம் பேசியது

அத்தா,

நேற்று உங்கள் இரும்புக் கட்டிலைத் தூக்கி வெளியே வைத்தோம். அண்ணன் விடுமுறையில் வந்திருக்கிறான். தலைமாட்டை அவனும் கால்மாட்டை நானும் பிடித்துத் தூக்கியபோது, சுவருக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருந்த ஓர் அட்டை தரையில் விழுந்தது. கஞ்சி பட்டுக் காய்ந்த கறை. ஒரு மூலையில் பல் பதிந்த தடம். முதுகு நெடுகத் தட்டுத் தட்டாக எலும்பு நிற்கும் அந்த மிருகம்.

அண்ணன் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரிஸ்வானாவோட வெளையாட்டுச் சாமான்ல இது? இன்னுமா இங்கிட்டுக் கெடக்கு?" என்றான்.

அவனுக்கு அது அவன் மகள் எப்போதோ விட்டுப்போன பொருள். எனக்கோ, "முதுகு எரியுது, திருப்பிப் படுக்க வை" என்று நீங்கள் சொல்வது போலவே இருந்தது. கை தானாகக் கட்டில் பக்கம் போனது. கட்டிலில் யாருமில்லை. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது.

ஜெகதாப்பட்டினம் கரையில் உங்களைப் போலக் குரல் கொண்ட ஏலக்காரர் இல்லை என்பார்கள். மீன்கூடையைக் கவிழ்த்ததும் காரல், கிழங்கான், சங்கரா, நகரை, செங்கனி, கணவாய் என்று மூச்சு விடாமல் அடுக்குவீர்கள். சின்ன வயதில் அம்மா கொடுத்துவிடும் தேநீரை எடுத்துக்கொண்டு வருவேன். உங்களைச் சுற்றி நிற்பவர்களின் கால்களுக்கு நடுவே நுழைந்து பார்ப்பேன். பளபளவென்று இருக்கும் மீனைக் கையில் எடுத்து, "தோலுல என்னய்யா இருக்கு, செவுளைத் தூக்கிப் பாரு" என்று வாங்க வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உள்ளே வெளுத்திருந்தால் தனியே எறிந்துவிடுவீர்கள், அது யாருடைய படகு மீனாக இருந்தாலும்.

அந்தக் குரல் நின்ற காலையில் நான் திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் இருந்தேன். கரையில் உங்கள் கூட இருந்த படகுக்காரர் பிச்சை அண்ணன்தான் பிறகு சொன்னார். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவிவிட்டு நின்றுவிட்டீர்களாம். மூன்றாவது வரவில்லை. ஏலம் இன்னும் ஏறட்டும் என்று வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று எண்ணி எல்லோரும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். வலது கையிலிருந்த துண்டு நழுவி, வாய் ஒரு பக்கமாகக் கோணிய பிறகுதான் ஓடிவந்து பிடித்திருக்கிறார்கள்.

நான்கு நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வருடம் இருந்தேன்.

வலது கையும் காலும் போயிற்று. பேச்சில் மிஞ்சியது இரண்டே சொற்கள். தண்ணீர் வேண்டுமென்றாலும் "ரெண்டு தரம்." கால் வலித்தாலும் "ரெண்டு தரம்." சொல்ல வந்தது அதுவல்ல என்று உங்களுக்கே தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி முயல்வீர்கள், மறுபடி அதுவே வரும். நெற்றி நரம்பு புடைத்துவிடும்.

அம்மா போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அண்ணன் குவைத்தில். வாரம் இரண்டு முறை வீடியோவில் வருவான். "நீ இருக்கிறதுனாலதான் நான் நிம்மதியா இருக்கேன்" என்பான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் ஒவ்வொரு முறையும் யாரோ வெளியே தாழ்ப்பாள் போடுகிற மாதிரி எனக்குக் கேட்கும்.

நம் முன்னறையில் ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும், கரையிலிருந்து வேறொருவர் ஏலம் கூவுவது கேட்கும். அந்தச் சத்தம் வந்தாலே இடது கையால் ஜன்னலைக் காட்டி மூடச் சொல்வீர்கள். மூடினால் புழுக்கம் கொல்லும். வியர்வையோடு நீங்கள் கூரையைப் பார்த்துக் கிடப்பீர்கள், நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்தின் ஹாரனைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்களுக்குச் சொல் மாட்டிக்கொண்டது, எனக்குக் கால் மாட்டிக்கொண்டது என்று அப்போது கசப்பாக நினைத்ததுண்டு. இப்போது சொல்வதில் என்ன?

புதுக்கோட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் உங்களைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "அவருக்குப் புத்தி தெளிவா இருக்குங்க. வார்த்தைதான் வெளிய வர மாட்டேங்குது. படம் காட்டுங்க, தொட்டுக் காட்டச் சொல்லுங்க" என்றார். உங்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்று மீன் படங்கள் போட்ட பெரிய தாள் ஒன்றை வாங்கி வந்தேன். அதை உங்கள் மடியில் விரித்தபோது உங்கள் உதடு அசைந்ததைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? சங்கராவின் மேல் விரலை வைத்தீர்கள். "ரெண்டு தரம்." செங்கனி. "ரெண்டு தரம்." ஐந்தாவது மீனுக்கு வரும்போது தாளைப் பல்லால் கவ்வி இடது கையால் கிழித்துவிட்டீர்கள். அன்று சோறும் தொடவில்லை.

டைனோசர் வந்தது தற்செயல். பழைய வேட்டி தேடி பீரோவின் மேலே கை விட்டேன். ரிஸ்வானாவின் பெட்டி சரிந்து, நாற்பது அட்டையும் உங்கள் போர்வை மேல் கொட்டிவிட்டது. பொறுக்கப் போனேன். நீங்கள் என் கையைத் தட்டிவிட்டு ஒன்றை எடுத்தீர்கள். பிறகு இன்னொன்றை. ஒரு பக்கம் வண்ணப் படம், மறுபக்கம் எலும்புக்கூடும் கொஞ்சம் ஆங்கிலமும். வண்ணப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எலும்பு தெரியும்படி கவிழ்த்தீர்கள். தோலை நம்பாத ஆளாயிற்றே.

அந்த மத்தியானம் முழுவதும் நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். முதலில், தோல் இறக்கை விரித்துப் பறப்பவற்றையும் துடுப்புக் காலோடு நீந்துபவற்றையும் கால்மாட்டுப் பக்கம் தள்ளிவிட்டீர்கள். மிச்சத்தை இரண்டு குவியலாக்கினீர்கள். ஒரு குவியலில், இரண்டு காலில் ஓடும் கத்திப் பல் வேட்டைக்காரர்களும் நான்கு தூண்கால் வைத்த நெட்டைக் கழுத்துத் தழைதின்னிகளும் ஒன்றாகக் கிடந்தார்கள். மற்றதில் வாத்துபோல வாய் நீண்டவை, கொம்பும் கழுத்துக் கேடயமும் உள்ளவை, முதுகில் தட்டு நிற்பவை, உடம்பெல்லாம் எலும்புக் கவசம் போட்டு வாலில் குண்டு வைத்தவை, மண்டை ஓடு பாறைபோலத் தடித்தவை.

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னத்தா இது, புலியையும் மாட்டையும் ஒரே கயித்துல கட்டிருக்கீங்க?" என்றேன்.

நீங்கள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து வேட்டைக்காரனின் இடுப்பில் வைத்தீர்கள். அங்கே ஓர் எலும்பு கீழே இறங்கி முன்பக்கம் பார்த்து நீண்டிருந்தது. நெட்டைக் கழுத்தின் இடுப்பில் வைத்தீர்கள். அதிலும் அப்படியே. பிறகு அடுத்த குவியலுக்கு இழுத்துப் போனீர்கள். கொம்பன், கவசக்காரன், தட்டு முதுகன், எல்லாவற்றிலும் அந்த எலும்பு பின்பக்கம் மடங்கி, பக்கத்து எலும்போடு ஒட்டிப் படுத்திருந்தது. அதோடு விடவில்லை. அந்தக் குவியலின் கீழ்த்தாடை நுனியைத் தொட வைத்தீர்கள். அலகுபோல ஒரு தனி எலும்பு அங்கே இருந்தது. முதல் குவியலில் அது ஒன்றில்கூட இல்லை.

ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பல்லி இடுப்பு, பறவை இடுப்பு என்று ஆராய்ச்சியாளர்கள் பிரித்திருப்பதும் அதே இரண்டு குவியல்தான். கால்மாட்டில் தள்ளிய பறப்பனவும் நீந்துவனவும் டைனோசரே இல்லை என்று போட்டிருந்தது. உடும்பு மாதிரிக் காலை அகட்டி வைக்காமல், கால் உடம்புக்கு நேர் கீழே தூணாக நிற்பதுதான் டைனோசருக்கு அடையாளமாம். ஓர் எழுத்துகூட வாசிக்காமல் ஒற்றைக் கையால் இதை நீங்கள் செய்திருந்தீர்கள். கடைசியில் இன்னொன்றும் வாசித்தேன். இன்றைய காக்காய், கோழியெல்லாம் வந்தது பறவை இடுப்புக் கூட்டத்திலிருந்து அல்ல, அந்தப் பல்லி இடுப்பு வேட்டைக்காரர்களிடமிருந்து.

"பேரு வச்சவுகளே தப்பா வச்சிட்டாக அத்தா" என்றேன்.

பாதி வாயால் சிரித்தீர்கள். கட்டிலில் விழுந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

மீனை ஏன் கிழித்தீர்கள், இதை ஏன் பிடித்துக்கொண்டீர்கள் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். மீன் ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் பெயர் இருந்தது, அது பறிபோனது. இந்த மிருகங்களுக்கு உங்களிடம் ஒருநாளும் பெயர் இருந்ததில்லை. இங்கே நீங்கள் எதையும் இழக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அது நம் பேச்சானது. வாத்து வாயன் என்றால் தண்ணீர். பல்லைக் காட்டும் வேட்டைக்காரன் என்றால் பசி. நெட்டைக் கழுத்தைக் காட்டினால் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். தட்டு முதுகன் முதுகுப் புண்ணுக்கு, பாறை மண்டையன் தலைவலிக்கு. கவசக்காரனை எடுத்தால், யாரும் கிட்டே வரக்கூடாது. மூன்று கொம்பன்தான் நான். என்னைக் கூப்பிட அதைத் தூக்கிக் காட்டி, கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். முட்ட வருகிறவள் என்று சொல்லாமல் சொன்னீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் நாலைந்து அட்டை இருந்ததால், வலி அதிகமானால் இரண்டு, மூன்று என்று சேர்த்துக் காட்டுவீர்கள்.

பக்கத்து வீட்டுச் சபுரா மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "நோயில கெடக்குற மனுசன்கிட்ட பேய்ப் படத்தையா காட்டுற புள்ள?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பேச்சு கிடைத்துவிட்டதே, அதோடு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்தப் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும் என்பதால் என்னால் அரை நாள்கூட நகர முடியாமல் போயிற்று. சந்தைக்குப் போகும் அரை மணி நேரமும் வெளியே பூட்டிக்கொண்டு ஓட்டமாக வருவேன். இரண்டாவது வருடம் முடியும்போது, கம்பியில் இரண்டு தட்டுக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியத் தொடங்கியது. சில நாள் கேட்டும் கேட்காதது போல அடுப்படியில் நின்றிருக்கிறேன். உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

முந்தைய நாள் திருச்சியிலிருந்து கூட வேலை பார்த்தவள் பேசினாள். இதுவரை தற்காலிக ஆளை வைத்து ஓட்டிய என் இடத்துக்கு நிரந்தரமாக வேறு ஆள் எடுக்கப் போகிறார்கள், நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்றாள். முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். காலையில் உங்களுக்குக் கஞ்சி கொடுத்தேன். தண்ணீர் டம்ளரை இடது பக்கம் வைத்தேன். "அறந்தாங்கி போய் மாத்திரை வாங்கிட்டு வாரேன் அத்தா, மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்" என்றேன். அப்போது அது பொய்யில்லை. சபுரா மாமி கோட்டைப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அறந்தாங்கியில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது திருச்சிப் பேருந்து புறப்பட நின்றது. ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. யோசித்து எடுத்த முடிவு என்று ஒன்று இல்லை. முகத்தில் காற்று அடித்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. புதுக்கோட்டை வருவதற்குள் தூங்கிவிட்டேன், இரண்டு வருடத்தில் தூங்காத தூக்கம்.

விழித்தபோது பேருந்து கீரனூரில் நின்றது. இடது உள்ளங்கை வலித்தது. விரித்துப் பார்த்தேன். வீட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்தபடி தூங்கியிருக்கிறேன், அதன் பல் தோலில் பதிந்திருந்தது. மணி ஒன்றரை தாண்டியிருந்தது.

"இங்க எறங்கிக்கிறேண்ணே" என்றேன் கண்டக்டரிடம்.

"திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்களேம்மா?"

இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினேன். புதுக்கோட்டையில் பேருந்துக்கு நெடுநேரம் நிற்க வேண்டியதாயிற்று. சபுரா மாமியின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. வேறு யாருக்கும் அடிக்க மனம் வரவில்லை. அடித்தால் எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்களே. அந்த வெட்கத்தில் உங்களுக்கு இன்னும் மூன்று மணி நேரம் கூடியது.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் நம் தெருவுக்குள் நுழைந்தேன். குழாயடியில் நின்ற ஒரு பெண், "யார் வீட்டுப் புள்ளைகளோ, வெளையாட்டு அட்டையெல்லாம் தெரு பூரா எறைச்சிப் போட்டுருக்குதுக" என்றாள். காலடியில் பார்த்தேன். வாத்து வாயன்.

அடுத்த எட்டில் இன்னொரு வாத்து வாயன். சாக்கடை ஓரத்தில் வேட்டைக்காரன். நம் வாசற்படியில் தட்டு முதுகன் இரண்டு, நெட்டைக் கழுத்து, மறுபடி தண்ணீர். கதவடியில் இருந்த இடைவெளி வழியே நீங்கள் ஒவ்வொன்றாக வெளியே தள்ளியிருக்கிறீர்கள். காற்று கொஞ்சத்தைத் தெருவுக்குக் கொண்டு போயிருக்கிறது. காலையிலிருந்து எத்தனையோ பேர் அதைத் தாண்டி நடந்திருக்கிறார்கள். தண்ணீர், தண்ணீர், முதுகு எரிகிறது, பசிக்கிறது என்று வாசலெல்லாம் எழுதிக் கிடந்ததை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் கீரனூரில் இருந்தேன்.

கால்மிதியின் ஓரத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் சிக்கிக் கிடந்தது மூன்று கொம்பன். முதலில் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

கதவைத் திறக்க முடியவில்லை, நீங்கள் அதில் சாய்ந்து கிடந்தீர்கள். மெல்லத் தள்ளி உள்ளே நுழைந்தேன். கட்டிலிலிருந்து சறுக்கி, இடது முழங்கையால் இழுத்து இழுத்து வந்திருக்கிறீர்கள். முழங்கைத் தோல் உரிந்திருந்தது, வேட்டி நனைந்திருந்தது. பெட்டியைப் பல்லால் கவ்வி வந்திருக்க வேண்டும். கண் விழித்துத்தான் இருந்தீர்கள். நான் அழுதேன், என்னென்னவோ சொன்னேன். மாத்திரைக் கடையில் கூட்டம் என்றுகூட ஆரம்பித்தேன். பிறகு அதை விட்டுவிட்டு, "திருச்சி பஸ்ஸுல ஏறிட்டேன் அத்தா" என்றேன்.

நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். குளிப்பாட்ட விட்டீர்கள். கட்டிலில் ஏற்றியதும் பெட்டியில் மிஞ்சியிருந்த அட்டைகளைத் துழாவிக் கவசக்காரனை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டீர்கள். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. நான் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை.

வேறு வழியில்லாமல் சபுரா மாமியிடம் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மாமி என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "ஒத்தப் பொம்பளையா இம்புட்டு நாளு எப்படி இழுத்த? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் வந்துருக்க மாட்டனா?" என்றார். நான் கேட்டதே இல்லை. அது உண்மை.

அன்று மாமி கையால் சோறு தின்றீர்கள். மாமி தெருவில் பொறுக்கிய அட்டைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே, "இது எதுக்கு, இது எதுக்கு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த நாள் பிச்சை அண்ணன் வந்தார். "ஏலக்காரரே, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று கட்டிலில் உட்கார்ந்தார். நீங்கள் அவர் விரலைப் பிடித்து இடுப்பெலும்பில் வைத்ததை வாசலிலிருந்து பார்த்தேன். நெஞ்சில் இருந்த அட்டை அப்போது போர்வையில் கிடந்தது. எப்போது எடுத்தீர்கள் என்று தெரியவில்லை.

அதன் பிறகு நம் கதவைப் பகலில் சாத்தியதே இல்லை. ஆறு மாதத்துக்குள் தெருவில் எட்டுப் பேருக்கு அந்தப் பேச்சு வந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் அறந்தாங்கியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். மாலையில் திரும்பி வரும்போது நீங்கள் கம்பியில் தட்டினால் எனக்கு எரியவில்லை. மன்னித்துவிட்டீர்கள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கென்று ஓர் அட்டையை நாம் வைத்துக்கொள்ளவே இல்லை.

நீங்கள் போன காலையிலும் நான் அறந்தாங்கியில்தான் இருந்தேன். ஒருவர் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீட்டுக்கு வந்ததும் சபுரா மாமியிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். கடைசியா எந்த அட்டையை எடுத்தாக? மாமி என் தலையைத் தடவினார். "ஒண்ணும் எடுக்கல புள்ள. பெட்டிப் பக்கமே கை போகல. காத்து வரட்டும்னு சன்னலத் தொறந்து வச்சேன். கரையில ஏலம் ஓடுச்சு, அதைக் கேட்டுக்கிட்டே சும்மா கெடந்தாக." எனக்காக ஏதாவது விட்டுப் போயிருப்பீர்கள் என்று அட்டைகளைப் பலமுறை கலைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அது சிறிது நாள் வலித்தது.

போன வாரம் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு வயதானவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தாள் ஒரு பெண். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. எதைக் கேட்டாலும் அவளே பதில் சொன்னாள். "அவருக்கு ஒண்ணும் வெளங்காதுங்க. நீங்க பாட்டுக்குக் குத்துங்க" என்றாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது, யாரோ முணுமுணுத்தார்கள்.

அவர் பக்கம் குனிந்து, "எந்தக் கையில எடுக்கட்டுங்கய்யா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். நெடுநேரம் ஆயிற்று. அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து நீட்டப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவள் உட்கார்ந்தாள். பிறகு அவர் மெல்ல இடது கைச் சட்டையைத் தானே மேலே சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடிக்கும் வரை நான் ஊசியைத் தொடவில்லை.